சொல் விளக்கம்: மோதல் கனிமமா, போர்நிதிக் கனிமமா?

கைப்பேசி, மடிக்கணினி பற்றிய செய்திகளில் 'மோதல் கனிமங்கள்' என்ற தொடர் அவ்வப்போது அடிபடும். ஆங்கிலத்தில் கான்ஃப்ளிக்ட் மினரல்ஸ் என்று இருப்பதை அப்படியே இறக்கி வைத்தது. வண்டிகள் மோதும், கட்சிக்காரர்கள் மோதிக்கொள்வார்கள். கனிமம் எதோடு மோதும்? படிக்கிறவருக்கு ஒன்றும் பிடிபடாது.

பொருள் இதுதான்: வெட்டி எடுக்கிற இடத்திலோ, அங்கிருந்து வெளியே போகிற வழியிலோ ஆயுதக் குழுக்கள் கைவைத்து, கிடைக்கிற காசில் சண்டையைத் தொடர்ந்து நடத்த உதவுகிற கனிமம்.

சொல்லுக்கு மூத்தது வைரம். 1990களில் அங்கோலாவில் யூனிட்டா, சியரா லியோனில் புரட்சிகர ஐக்கிய முன்னணி என்ற கிளர்ச்சிப் படைகள் வைரத்தை விற்றுத் துப்பாக்கி வாங்கின. அந்தக் கற்களைக் 'கான்ஃப்ளிக்ட் டைமண்ட்' என்றார்கள்; செய்தித்தாள்களுக்கு 'ரத்த வைரம்' என்ற பெயர்தான் பிடித்தது. அதே காலத்தில், 1998இல், காங்கோ ஜனநாயகக் குடியரசில் இரண்டாம் போர் மூண்டது. அங்கே யார் எதை எடுத்து விற்கிறார்கள் என்று ஐ.நா. நியமித்த வல்லுநர் குழு 2001 முதல் அறிக்கைகள் வெளியிட்டது. வைரத்தோடு ஒட்டியிருந்த அடைமொழி அப்புறம் மற்ற கனிமங்களுக்கும் பரவியது.

இன்று இந்தப் பெயருக்குள் வழக்கமாக வருபவை நான்கு: வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம். தங்கத்தையும் வெள்ளீயத்தையும் விளக்க வேண்டியதில்லை. டங்ஸ்டன் என்றால் ஸ்வீடிஷ் மொழியில் 'கனமான கல்'. கைப்பேசியை அதிர வைக்கும் குட்டி மோட்டாரில் எடைக்காக வைப்பது அது. டான்டலத்திடம்தான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இதன் தாதுவைக் காங்கோவில் 'கோல்டான்' என்பார்கள். கொலம்பைட், டான்டலைட் என்ற இரண்டு கனிமப் பெயர்களின் தலையை வெட்டி ஒட்டியது. டான்டலத்தை 1802இல் கண்டறிந்தவர் ஸ்வீடன் வேதியியலாளர் எக்கபரி. அமிலத்திலேயே மூழ்கடித்தாலும் அமிலத்தை ஏற்க மறுத்தது அது. கிரேக்கக் கதையில் டான்டலஸ் என்பவன் கழுத்தளவு நீரில் நின்றும் ஒரு வாய் குடிக்க முடியாமல் தவிப்பான். அவன் பெயரையே வைத்துவிட்டார். கூடவே கிடைக்கும் இன்னொரு தனிமத்துக்கு நையோபியம் என்று பெயர். நையோபி டான்டலஸின் மகள்.

ஒரு பழைய சர்க்யூட் போர்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சளாகவோ கறுப்பாகவோ, அரிசி அளவில், ஒரு முனையில் மட்டும் கோடு போட்ட சின்னக் கட்டிகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் டான்டலம் மின்தேக்கிகள். கோடு இருப்பது நேர்மின் முனை. உள்ளே டான்டலப் பொடியை அழுத்திச் சூடாக்கிப் பஞ்சுபோல் நுண்துளையோடு செய்த வில்லை இருக்கும். நுண்துளைகளால் பரப்பு பெருகுவதால் சின்ன இடத்தில் நிறைய மின்னூட்டம் தங்கும். சாதனங்கள் சுருங்கச் சுருங்க இதன் தேவை கூடியதற்குக் காரணம் அதுதான். 2000ஆம் ஆண்டு டான்டலம் விலை பல மடங்கு எகிறியபோது, கிழக்குக் காங்கோவில் பயிர் செய்துகொண்டிருந்தவர்கள்கூட மண்வெட்டியோடு சுரங்கத்துக்குப் போனார்கள்.

சரி, போருக்குப் பணம் எப்படிப் போகிறது? ஆயுதக்காரன் சுரங்கம் தோண்ட வேண்டிய அவசியமே இல்லை. தோண்டுபவர்கள் மலையை வெட்டி, மண்ணை ஓடும் நீரில் அலசுவார்கள். கனமான கருமணல் அடியில் தங்கும். அதை மூட்டை கட்டித் தோளிலோ மோட்டார் சைக்கிளிலோ கொண்டு போவார்கள். சுரங்க வாயிலில் ஒரு வசூல், பாதையில் கயிறு கட்டி மறித்து இன்னொரு வசூல், வாங்கும் வியாபாரியிடம் வேறொரு வசூல். பழந்தமிழில் இப்படி வழிமறிப்பவர்களுக்கு 'ஆறலை கள்வர்' என்று பெயர். ஆறு என்றால் அங்கே வழி. இன்றைய ஆறலை கள்வர்கள் ரசீதும் கொடுக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். கிழக்குக் காங்கோவில் வடகிவு மாகாணத்தின் ரூபாயா சுரங்கங்கள் உலக டான்டலத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு தருவதாகச் சொல்லப்படுபவை. 2024 ஏப்ரல் இறுதியில் அவற்றை எம்23 கிளர்ச்சிப் படை பிடித்தது. கோல்டான் மீது அது விதித்த வரி மாதம் சுமார் 8 லட்சம் டாலர் என்று ஐ.நா. வல்லுநர்கள் கணித்தார்கள்.

ரிஷிமூலம் நதிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள். அமெரிக்கா 2010இல் இயற்றிய டாட்-ஃபிராங்க் என்ற நிதித்துறைச் சட்டத்தின் 1502ஆம் பிரிவு, கனிமத்தின் மூலத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்றது: காங்கோவிலிருந்தோ அதன் 9 அண்டை நாடுகளிலிருந்தோ வந்ததா என்று நிறுவனங்கள் விசாரித்துச் சொல்ல வேண்டும். காங்கோக்காரர்கள் அதை 'ஒபாமா சட்டம்' என்றே அழைத்தார்கள். வாங்குபவர்கள் காங்கோவை விட்டுச் சட்டென்று விலகிக்கொண்டதில் ஆயுதத்தைத் தொடாத சுரங்கத் தொழிலாளிகளுக்கும் பிழைப்பு போயிற்று. இந்தச் சட்டத்தைப் பாராட்டுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சொல் ஆராய்ச்சிக்காரருக்கு அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தச் சட்டப்படி மேற்சொன்ன நான்கும் எங்கே வெட்டினாலும் 'கான்ஃப்ளிக்ட் மினரல்'தான். ஆஸ்திரேலியாவில் வெட்டிய டான்டலத்துக்கும் அதே பெயர்! போருக்குப் பணம் போகவில்லை என்றால் அது 'கான்ஃப்ளிக்ட் இல்லாத' கான்ஃப்ளிக்ட் மினரல். தன் பொருளை 'கான்ஃப்ளிக்ட் இல்லாதது எனக் கண்டறியப்படவில்லை' என்று நிறுவனமே அறிவிக்க வேண்டும் என்ற விதி நீதிமன்றம் வரை போனது. 2014இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது போரின் பழியை நிறுவனத்தின் வாயாலேயே சொல்ல வைக்கும் உருவகம், பேச்சுரிமைக்கு முரண் என்று தள்ளிவிட்டது. 2021இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் நாட்டைக் குறிக்காமல் 'மோதல் பாதித்த, ஆபத்து மிகுந்த பகுதிகள்' என்று பொதுவாக எழுதிக்கொண்டது.

தமிழுக்கு வருவோம். 'கனிமம்' சரி, கனி என்பது இங்கே சுரங்கம், பழம் அல்ல. அதற்குப் பதில் 'தாது' என்றால் மகரந்தமும் நினைவுக்கு வரும், உடலின் தாதுவும் வரும். அடைமொழியில்தான் சிக்கல். 'பூசல்' அழகான பழஞ்சொல், ஆனால் இன்று உட்கட்சித் தகராறு அளவுக்குச் சுருங்கிவிட்டது. 'போர்க்கனிமம்' என்றால் பீரங்கி செய்ய உதவும் உலோகம் என்று தோன்றும். 'குருதிக் கனிமம்' மேடைக்குப் பொருந்தும். அறிக்கையில், ஒப்பந்தத்தில் எழுத முடியாது. இந்தச் சொல்லின் உயிர் பணம் போகும் வழியில் இருப்பதால் 'போர்நிதிக் கனிமம்' என்பதே என் தேர்வு. கான்ஃப்ளிக்ட்-ஃப்ரீ என்பதற்கு 'மோதலற்ற' என்று எழுதினால் சிரிப்புதான் வரும். 'போர்நிதி சாராத கனிமம்' எனலாம்.

ஒரு எச்சரிக்கை: பேட்டரிக்கான கோபால்ட்டும் காங்கோவிலிருந்து வருவதால் அதையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்து எழுதுகிறார்கள். சட்டப் பட்டியலில் அது இல்லை. அதன் சுரங்கங்கள் தென்கிழக்கில், போர்முனைகளுக்கு வெகு தொலைவில் இருக்கின்றன. அங்கே எழும் குற்றச்சாட்டு குழந்தைத் தொழிலாளர் பற்றியது. அதற்கு வேறு சொல் வேண்டும்.