கடற்பஞ்சு எடுத்தவர்களின் கால்கள் ஏன் செயலிழந்தன?

கிரேக்கத்தின் கலிம்னோஸ் தீவில் ‘மிஹானிகோஸ்’ என்றொரு ஆட்டம் உண்டு. முன்னால் ஆடுபவர் கைத்தடி ஊன்றி, கால்கள் வெடவெடக்கத் தள்ளாடுவார். குளிக்கவும் துடைக்கவும் பயன்படும் கடற்பஞ்சை (sponge) கடலடியிலிருந்து எடுக்கப் போய், கால் விளங்காமல் திரும்பிய முன்னோர்களின் நடை அது.

கலிம்னோஸ் பாறைத் தீவு, விளைநிலம் குறைவு. கடற்பஞ்சுதான் பிழைப்பாக இருந்தது. அந்தக் காலத்தில் பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள தட்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, மூச்சடக்கி, 30 மீட்டர் ஆழம்வரை விறுவிறுவென இறங்குவார்கள். பஞ்சை அறுத்ததும் படகிலிருப்பவர் கயிற்றை இழுத்து மேலேற்றுவார். 1860களில் உலோகத் தலைக்கவசம் பொருத்திய முழுக்கு உடை வந்தது. படகிலிருந்து குழாய் வழியே காற்று வரும். இன்னும் ஆழத்துக்குப் போகலாம், வெகுநேரம் தங்கலாம். வாதமும் சாவும் அதோடு சேர்ந்தே வந்தன.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 40 மீட்டர் ஆழத்தில் உடல்மேல் இருப்பது கரையில் உள்ளதைப்போல 5 மடங்கு. அந்த அழுத்தத்தில் மூச்சு விடும்போது, காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்புத் திசுவிலும் கரைந்துகொண்டே போகிறது. உடல் ஆக்சிஜனைச் செலவழிக்கும். நைட்ரஜனை அப்படிச் செலவழிக்காது, அது சேர்ந்துகொண்டே இருக்கும். சட்டென்று மேலே வந்தால், மூடி திறந்த சோடா பாட்டிலைப்போல, கரைந்த வாயு குமிழாகிவிடும். முதுகுத்தண்டில் குமிழ்கள் ரத்த ஓட்டத்தைத் தடுத்தால் கால்கள் மரத்து விழுந்துவிடும்.

கொடுமை என்னவென்றால், அடியில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பஞ்சோடு நல்லபடியாகப் படகேறிய பிறகே வலி தொடங்கும். நைட்ரஜன் முழுவதும் வெளியேறுமுன் மறுபடி இறங்கினால் மிச்சத்தோடு புதியதும் சேரும். கல்லோடு இறங்கியவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. நுரையீரலிலுள்ள ஒரு மூச்சுக் காற்றுக்கு மேல் அவர் உடலில் நைட்ரஜன் சேர வழியில்லை. அடியில் இருப்பதும் ஓரிரு நிமிடம்தான்.

குமிழ்தான் காரணம் என்று பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் 1878இலேயே எழுதிவிட்டார். ஆனாலும் எவ்வளவு ஆழத்திலிருந்து எப்படி ஏறுவது என்று கணக்குப் போட்டுத் தர ஆளில்லை. 1900இல் சிமி என்ற கிரேக்கத் தீவின் பஞ்சுக்காரர்கள் ஆன்டிகிதேரா தீவின் அருகே மூழ்கிய பழங்காலக் கப்பலைக் கண்டார்கள். அங்கிருந்து எடுத்த, வானியல் கணக்குப் போடும் பல்சக்கரக் கருவி இன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது. அதைக் கொண்டாடும் எவரும் அந்தப் பணியில் ஒருவர் உயிரிழந்ததையும் இருவர் முடமானதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பேன். இடையிடையே நின்று நின்று மேலேறும் அட்டவணையைப் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் வெளியிட்டது 1908இல்.