போனுக்குப் போன் மாறும் உராய்வு

"என் போனில் ஸ்ட்ரைக்கர் ஒழுங்காக ஓடுகிறது, தம்பி போனில் பாதியிலேயே நின்றுவிடுகிறது." கேரம் விளையாட்டு ஒன்றை எழுதி முடித்தவர்களிடம் இந்தப் புகாரை அடிக்கடி கேட்கிறேன். நிரலைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே வரிதான் காரணம்: உராய்வுக்காக ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரையில் படம் புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும், வேகத்தை 0.9 ஆல் பெருக்குவது.

நொடிக்கு 600 பிக்சல் வேகத்தில் ஸ்ட்ரைக்கர் புறப்படுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் முதலில் 10 பிக்சல், அடுத்து 9, பிறகு 8.1 என்று குறைந்து மொத்தம் 100 பிக்சல் போய் நிற்கும். 30 ஃபிரேமில் 20, 18 என்று தொடங்கி 200 பிக்சல். 120 ஃபிரேம் என்றால் வெறும் 50. வேறு போன்கூட வேண்டாம். பேட்டரி சேமிப்பைப் போட்டதும் திரை 120இலிருந்து 60க்கு இறங்கினால், அதே அடிக்கு இரட்டைத் தூரம்!

"டெல்டா டைமால் பெருக்கியிருக்கிறேனே" என்பார்கள். முந்தைய ஃபிரேமிலிருந்து எத்தனை நொடி கழிந்தது என்பதுதான் டெல்டா டைம். இடத்தை நகர்த்தும் வரியில் பெருக்கியிருப்பார்கள்; வேகத்தைக் குறைக்கும் வரியில் அது இருக்காது. 0.9ஐ அப்படியே வைக்காமல், டெல்டா டைம் பெருக்கல் 60 என்ற அடுக்குக்கு உயர்த்திப் பெருக்க வேண்டும். அப்போது அந்த மூன்று தூரங்களும் ஏறத்தாழ 100, 105, 97 என்று நெருங்கிவிடும். மிச்ச வித்தியாசமும் கூடாது, இருவர் இணையத்தில் ஆடுகிறார்கள் என்றால், கணக்கை நிலையான கால இடைவெளியில் ஓட்டுங்கள். விளையாட்டுகளை உருவாக்க உதவும் யூனிட்டி மென்பொருளில் இதற்கென்றே உள்ள ஃபிக்ஸ்டு அப்டேட் இயல்பாகவே 0.02 நொடிக்கு ஒருமுறை ஓடுகிறது.

ஆனால் கேரமுக்குப் பெருக்கலே பொருந்தாது என்பது என் கருத்து. தண்ணீரில் மிதக்கும் படகுக்கும், ஆட்டக்காரரைப் பின்தொடரும் கேமராவுக்கும் அது அழகு. பவுடர் போட்ட பலகையின் உராய்வோ வேகம் எதுவானாலும் ஏறத்தாழ ஒரே அளவில் இழுக்கும். ஆகவே நொடிக்கு இவ்வளவு என்று கழிக்க வேண்டும். பெருக்கலில் இரு மடங்கு வேகத்துக்கு இரு மடங்கு தூரம்தான். கழித்தலில் நான்கு மடங்கு. ஓங்கி அடித்த அடி பலகையில் தெரிவது இதனால்தான். பெருக்கினால் வேகம் பூஜ்ஜியத்தை நெருங்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரத்தில் தொடாது. 'எல்லாக் காய்களும் நின்றனவா' என்று பார்க்கும் நிரல் அடுத்தவர் முறையைத் தராமல் காத்துக்கிடக்கும்.

கழிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. மிஞ்சிய வேகத்தைவிடக் கழிக்கும் அளவு பெரிதானால் வேகம் எதிர்த்திசைக்குத் திரும்பும். நின்றிருக்க வேண்டிய காய் முன்னும் பின்னுமாக நடுங்கும். கழிப்பதற்கு முன் ஒப்பிட்டு, மிஞ்சியது குறைவு என்றால் நேரே பூஜ்ஜியமாக்கிவிடுங்கள்.