கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை ஜிபி என்று கேட்காதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது வீடு. போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில், ரிட்டையர் ஆன ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். டிவிக்குப் பக்கத்தில் ஏழாம் தலைமுறை ஐ3 கம்ப்யூட்டர், அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ், படம் ஓட்ட 'கோடி' என்ற மென்பொருள். "4கே படம் போட்டா விட்டு விட்டு ஓடுது தம்பி. இத்தனைக்கும் பையன் 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டிட்டுப் போயிருக்கான்" என்றார்.

மூடியைத் திறந்தால் என்விடியாவின் பழைய ஜிடி 730 கார்டு. உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து ஃபேன் இறக்கைகளில் களிம்பாக அப்பியிருந்தது. எது எவ்வளவு பிராசசரைத் தின்கிறது என்று டெர்மினலில் 'டாப்' கட்டளை போட்டுப் பார்த்தேன். கோடி மட்டும் 390 சதவீதம், அந்த ஐ3-க்கு 400தான் உச்சம். படத்தைப் பிரிக்கும் வேலை முழுக்கப் பிராசசர் தலையில்.

கார்டை உருவி, எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டிலேயே குத்தி, இன்டெல்லின் மீடியா டிரைவரை ஏற்றினேன். அதே படம் தடங்கலில்லாமல் ஓடியது. "அப்ப இது எதுக்குப்பா?" என்று கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். என்னத்தைச் சொல்ல?

கார்டின் மெமரி ஜிபி கூடினால் படம் தெளிவாகும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. கணக்குப் போட்டே பார்ப்போம். 10 பிட் 4கே படத்தில் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 25 எம்பி. ஒரே நேரத்தில் பன்னிரண்டு ஃப்ரேம் வைத்திருந்தாலும் 300 எம்பிதான். மிச்சமெல்லாம் சும்மா கிடக்கும். குண்டான் பெரிசு என்பதற்காகச் சோறு சீக்கிரம் வெந்துவிடுமா? அந்த ஜிபி கேம் ஆடுகிறவர்களுக்கு வேண்டும். படம் பார்க்க வேண்டியது, 4கே படங்களைச் சுருக்கி வைக்கும் எச்.265 என்ற முறையைப் பிரித்துக் காட்டும் சர்க்யூட் சிப்புக்குள் இருப்பது. ஜிடி 710, 730 இரண்டிலும் அது கிடையாது. ஐ3-க்குள் இருந்தது, ஆனால் தனிக் கார்டு மாட்டியதும், கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் பயாஸ் அதைத் தூங்க வைத்துவிட்டது. அதாவது காசு கொடுத்து இருந்ததையும் கெடுத்துக்கொண்டார்கள்! போதாக்குறைக்கு, கெப்ளர் என்ற அந்தப் பழைய தலைமுறைக் கார்டுகளுக்கு என்விடியா டிரைவர் 470 வரிசையோடு நின்றுபோய்விட்டது.

ஆகவே கார்டு வாங்கும் முன் என்ன பிராசசர் என்று பாருங்கள். இன்டெல் ஏழாம் தலைமுறை முதல் 10 பிட் எச்.265, யூடியூபில் வரும் விபி9 இரண்டையும் பிரிக்கும் சர்க்யூட் உள்ளேயே இருக்கிறது. அதைவிடப் புதிய சுருக்கு முறையான ஏவி1 வேண்டுமென்றால் பதினொன்றாம் தலைமுறை. பெயர் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸே இல்லை, அதையும் கவனியுங்கள். புதிதாகவே வாங்குகிறீர்களா? என்100 மினி பிசி போதும், சிப்பின் மின்கணக்கு 6 வாட்தான்.

தனிக் கார்டுதான் வேண்டும் என்பவர்களுக்கு: ஜிடி 1030 எச்.265 ஓட்டும், ஏவி1 ஓட்டாது. சின்னதாக இருக்கிறதே என்று ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 பக்கம் போகாதீர்கள். அண்ணன் 6600-இல் உள்ள ஏவி1 அதில் வெட்டப்பட்டிருக்கிறது. ஏஎம்டி போட்டு ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையை ஏற்றினால் இன்னொரு சிக்கல்: காப்புரிமைப் பயத்தில் 2022-இல் எச்.264, எச்.265 இரண்டையும் அதன் மேசா டிரைவர் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்திலிருந்து மாற்று பேக்கேஜ் போட வேண்டும். தெரியாமல் கார்டைத் திட்டுகிறவர்கள் நிறைய.

இன்டெல், ஏஎம்டி என்றால், மாட்டிச் சரியான டிரைவரையும் ஏற்றியதும், எதையெல்லாம் பிரிக்கும் என்று பட்டியல் காட்டும் 'விஏஇன்ஃபோ' ஓட்டுங்கள். 'எச்இவிசி மெயின் 10' (10 பிட் எச்.265-இன் இன்னொரு பெயர்) என்ற வரி வரவில்லை என்றால் உடனே திருப்பிக் கொடுங்கள். பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்து என்னிடம் வராதீர்கள்.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். ஓடிடியில் 4கே வரவில்லை என்று கார்டு மாற்றாதீர்கள். அது டிஆர்எம், அதாவது படத்தைக் காப்பி அடிக்காமலிருக்கப் போடும் பூட்டு. லினக்ஸ் பிரவுசரில் எந்தக் கார்டு போட்டாலும் திறக்காது. அதற்கு டிவி ஸ்டிக்தான்.

சார் வீட்டு மதர்போர்டு எச்டிஎம்ஐ 1.4, அதனால் 4கே-யில் 30 ஹெர்ட்ஸ்தான் வரும். அவர் பார்ப்பதெல்லாம் 24 ஃப்ரேம் சினிமா. டிவியையும் 24-க்கே வைத்துவிட்டு வந்தேன். தேவனாம்பட்டினம், குருசுகுப்பம் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் ஃபேன் இல்லாத பெட்டியாகப் பாருங்கள். இருக்கும் ஃபேனை மாதம் ஒருமுறை பெயின்ட் பிரஷால் தட்டிவிடுங்கள், ஈரத்துணியால் மட்டும் துடைக்காதீர்கள்.