வெளிமான் தலை தூக்கினால் நாம் நிற்க வேண்டும்

திருத்துறைப்பூண்டி தாண்டி வேதாரண்யம் வரை வயலும் தென்னையும் உப்பளமுமாக வரும் டெல்டா, கோடியக்கரையில் வேறு நிலமாகிவிடுகிறது. வடக்கிலிருந்து இறங்கி வரும் சோழமண்டலக் கடற்கரை இங்கேதான் மேற்கே திரும்புகிறது. கடலும் ஆறும் காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட மணலும் வண்டலும் மேடு பள்ளமாகக் கிடக்கின்றன. மேட்டில் வறண்ட பசுமைமாறாக் காடு. தாழ்வில் உப்பேறிய, நெல்லுக்கு ஆகாத புல்வெளி. உழவுக்கு உதவாது என்று விடப்பட்ட அந்தப் புல்வெளியில்தான் வெளிமான்கள் தழைத்திருக்கின்றன. அவற்றைக் காப்பதற்காகவே 1967இல் இந்த இடம் சரணாலயமானது. கிண்டி, மோயாற்றுப் பகுதி, வல்லநாடு என்று தமிழ்நாட்டில் வேறு சில இடங்களிலும் வெளிமான் உண்டு. ஆனால் கடலை ஒட்டிய திறந்த வெளியில் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும்.

இங்கே புள்ளிமானும் இருப்பதால் முதலில் கொம்பைப் பாருங்கள். புள்ளிமான் கிடாவின் கொம்பு கிளை விட்டிருக்கும்; அது முழுக்க எலும்பு. உதிர்ந்து, மறுபடி புதிதாக முளைக்கும். வளரும்போது மேலே மெல்லிய ரோமத்தோல் மூடியிருக்கும். வெளிமானின் கொம்பு அப்படியல்ல. உள்ளே எலும்புத் தண்டு, வெளியே நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டினால் ஆன உறை. கிளை கிடையாது, உதிர்வதும் கிடையாது. இரண்டு கொம்புகளும் வளையம் வளையமாக முறுக்கிக்கொண்டு, ஒன்றைவிட்டு ஒன்று விலகி மேலேறும். காரணம் எளிது: புள்ளிமான் மான் குடும்பம், வெளிமானோ ஆடு மாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது.

பெட்டைகளுக்குப் பொதுவாகக் கொம்பு இருக்காது. இளமஞ்சள் கலந்த பழுப்பு உடல், வெள்ளை வயிறு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கிடாக்குட்டியும் பிறக்கும்போது இதே நிறம்தான். வளர வளர முதுகு கறுக்கும். படங்களில் பார்த்த கரிய கிடாவையே தேடிக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவீர்கள். பருவத்துக்குப் பருவம், கிடாவுக்குக் கிடா நிறம் மாறுபடும். அடர்பழுப்பாக இருக்கிறதே என்று அதைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

சரி, எவ்வளவு கிட்டே போகலாம்? இத்தனை அடி என்று ஓர் எண்ணைச் சொல்ல நான் விரும்பவில்லை. அந்தத் தொலைவை முடிவு செய்வது மான்தான், அதன் கண்தான். வெளிமான் தன் பாதுகாப்புக்கு மோப்பத்தைவிடப் பார்வையையே பெரிதும் நம்புகிறது. தலையின் இரு பக்கங்களிலும் கண்கள். கண்மணி கிடைமட்டமாக நீண்டது. இரண்டும் சேர்ந்து, தொடுவானத்தை ஒட்டி ஏறக்குறைய சுற்றிலும் நடப்பதைத் தலை திருப்பாமலே காட்டிவிடும். கூட்டத்தில் பல கண்கள். சில மேயும்போது ஏதாவது ஒன்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால், நாம் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது நம்மைப் பார்த்திருக்கும். தொந்தரவு ஏறுவது படிப்படியாகத் தெரியும். மேய்ச்சல் நிற்கும். தலை தூக்கும், காது நம் பக்கம் திரும்பும். அப்புறம் கூட்டம் நெருங்கும், ஒன்றிரண்டு நகரத் தொடங்கும். கடைசியில் ஒரு மான் நின்ற இடத்திலிருந்து உயரத் துள்ளும், மற்றவையும் துள்ளும், பிறகு ஓட்டம். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகக்கூடிய ஓட்டம் அது. பார்க்க அழகுதான். ஆனால் வெயிலில், நல்ல தண்ணீர் குறைவான உப்பு நிலத்தில், சினைப் பெட்டைக்கு அந்த ஓட்டம் பெருஞ்செலவு. ஏறக்குறைய ஆறு மாதம் குட்டியைச் சுமக்கிற விலங்கு அது. ஆகவே தலை தூக்கும் முதல் கட்டத்திலேயே நாம் நின்றுவிட வேண்டும். மறுபடி குனிந்து மேய ஆரம்பித்தால் அந்தத் தூரம் அதற்குச் சம்மதம். மேயவில்லையென்றால் சில அடி பின்வாங்குவதுதான் நியாயம். மிச்சத்தைப் பைனாகுலர் பார்த்துக்கொள்ளும்.

நேராக அதை நோக்கி நடப்பது, குனிந்து பதுங்கிப் போவது இரண்டும் வேட்டையாடும் விலங்கின் நடை. நிமிர்ந்து, சாய்வாக, விலகிப்போகிற மாதிரி நடப்பவரைப் பொதுவாகக் கூடுதல் நேரம் பொறுத்துக்கொள்ளும். வண்டியிலிருந்து இறங்காமல் இருப்பது இன்னும் நல்லது. மனித உருவம் தெரிந்த கணத்தில் கூட்டத்தின் போக்கே மாறிவிடும்.

கிடா ஒன்று தனியாக ஒரே இடத்தைச் சுற்றி வந்தால், அது தன் எல்லையைக் காக்கிறது என்று கொள்ளலாம். அதே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்ட புழுக்கைக் குவியல் அதற்கு அடையாளம். கண்ணுக்குக் கீழேயுள்ள சுரப்பியின் கசிவைப் புல்லிலும் குச்சியிலும் தடவியும் எல்லையைக் குறிக்கும். பெட்டை வந்தால் மூக்கை மேலே தூக்கி, கொம்பை முதுகோடு சாய்த்து, வாலைச் சுருட்டி நடக்கும். காண வேண்டிய காட்சி அது. நாம் நடுவில் புகுந்தால் அது எல்லையை விட்டு விலகும். அந்த நேரத்தில் பக்கத்துக் கிடா உள்ளே வந்துவிடலாம். இரண்டு கிடாக்கள் கொம்பு கோத்துக்கொண்டிருந்தால் கிட்டேயே போகாதீர்கள்.

குட்டி விஷயத்தில் நல்ல மனசுக்காரர்களே கெடுதல் செய்துவிடுகிறார்கள். பிறந்த குட்டி தாயோடு அலையாது. புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும். தாய் தூரத்தில் மேய்ந்துவிட்டு வந்து பால் கொடுக்கும். தாய் கைவிட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கினால் உண்மையிலேயே அது அநாதையாகிவிடும். தொடாமல், பக்கத்தில் நின்று படம் எடுக்காமல் நகர்ந்துவிடுங்கள். அடிபட்டிருந்தால் மட்டும் வனத்துறை ஊழியரிடம் இடத்தைச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

புல்வெளியில் மட்டக்குதிரைகளும் மேயும். எப்போதோ மனிதரிடமிருந்து விடுபட்டுக் காட்டோடு கலந்துவிட்டவை. பழகியது போலத் தெரிந்தாலும் உதைக்கும், கடிக்கும். எதையும் ஊட்டிவிடப் போக வேண்டாம். காட்டுப்பன்றிக்கும் விலகி வழிவிடுங்கள்.

இந்தக் கூட்டத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒருபக்கம் கடல், மறுபக்கம் ஊரும் உப்பளமும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது பல வெளிமான்கள் செத்துப்போயின. சீமைக் கருவேலம் வேறு திறந்த வெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதராக்குகிறது. நாலு பக்கமும் பார்த்து, ஓடித் தப்பிக்கும் விலங்குக்குப் புதர் பெரிய எதிரி. இத்தனைக்கும் நடுவில், ஒரு படத்துக்காக அவற்றை விரட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

போவதானால் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை போங்கள். காலையும் மாலையும் நல்ல நேரம். நவம்பர், டிசம்பரில் பூநாரை முதலிய நீர்ப்பறவைகளுக்குத்தான் பருவம். வீட்டு நாயைக் கூட்டிப் போகாதீர்கள். பாதையில் ஒரு வெளிமான் குறுக்கே ஓடினால் உடனே வண்டியைக் கிளப்ப வேண்டாம். பின்னாலேயே இன்னும் சில வரக்கூடும். எல்லாம் கடந்த பிறகு மெதுவாகப் போங்கள்.