பழைய படகின் கியர் ஆயில்: சொல்வதும் மறைப்பதும்

நீரோடியைத் தாண்டினால் பொழியூர், அதையும் தாண்டினால் பூவார். நெய்யாறு கடலைத் தொடும் அந்த உப்பங்கழியில் சுற்றுலாப் படகு விட நினைக்கும் எல்லைப்பக்கத்துக்காரர் ஒருவர், கொல்லத்திலோ கொச்சியிலோ பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வேகப் படகு ஒன்றை விலை பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண் முதலில் போவது பெயின்ட்டின் மேல். அடுத்து எஞ்சினை முடுக்கிச் சத்தம் கேட்பார். தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடக்கும் கியர் பெட்டியைப் பற்றி அவர் கேட்டால், விற்பவர் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார்: “போன வாரம்தான் கியர் ஆயில் மாற்றினோம் அண்ணா, பாருங்கள், எவ்வளவு சுத்தம்!”

அவர் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். சிக்கலே அதுதான். கியர் ஆயில் கடைசியாக ஊற்றப்பட்ட நாளிலிருந்து நடந்ததை மட்டுமே சொல்லும். அதற்கு முன் பெட்டிக்குள் உப்புநீர் ஒரு வருடம் குடியிருந்திருந்தாலும், புது ஆயில் அதைப் பற்றி வாய் திறக்காது.

இந்த வகைப் படகில் எஞ்சின் உள்ளே இருக்கும். புரொபெல்லரைச் சுழற்றும் கால் மட்டும் அமரத்துப் பலகையை, அதாவது படகின் பின்பக்கப் பலகையை, துளைத்துக்கொண்டு வெளியே தொங்கும். ஸ்டெர்ன் டிரைவ் என்பது இதைத்தான். 1959இல் வால்வோ பென்டா நிறுவனம் ‘அக்குவாமேட்டிக்’ என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் மெர்க்குரூசர் நிறுவனமும் இதே வழியில் வந்தது. எஞ்சினின் சுழற்சி படுக்கைவாட்டில் வெளியே வந்து, ஒரு ஜோடி பல்சக்கரத்தில் செங்குத்தாகக் கீழே திரும்பி, அடியில் இன்னொரு தொகுதி பல்சக்கரத்தில் மறுபடியும் படுக்கைவாட்டுக்குத் திரும்பிப் புரொபெல்லரை அடைகிறது. நம் கரையில் ஃபைபர் வள்ளங்களுக்கு மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் கீழ்ப்பகுதியிலும் அந்த இரண்டாவது திருப்பம் இருக்கிறது. ஆகவே இங்கே சொல்வதில் பெரும்பகுதி வள்ளக்காரர்களுக்கும் பொருந்தும். அளவுதான் வேறு: வள்ளத்து எஞ்சினுக்கு அரை லிட்டர் அளவு ஆயில் போதும், ஸ்டெர்ன் டிரைவ் வகையைப் பொறுத்து இரண்டு, மூன்று லிட்டர்கூடக் கேட்கும்.

இருநூறு குதிரைத்திறன் உள்ளங்கையளவுச் சக்கரங்களின் பற்கள் வழியே போகிறது. பல்லும் பல்லும் தொடும் இடம் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டின் மேல் விழும் அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் நிற்காது, பிதுங்கி ஓடிவிடும். அதனால்தான் கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மங்களைக் கலக்கிறார்கள். உராயும் இடத்தில் எழும் சூட்டில் இவை இரும்போடு வினைபுரிந்து, பல்லின் மேல் ஒரு மெல்லிய தோலாகப் படிகின்றன. எண்ணெய் ஓடிய இடத்தில் அந்தத் தோல் தேய்கிறது, உலோகம் தப்புகிறது. கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த நாற்றம் இந்தக் கந்தகத்தின் உபயம்.

லாரிக்கு ஊற்றும் ஆயிலையே படகுக்கும் ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பாகுநிலை எண் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் படகுக்கென்று வரும் ஆயிலில், உள்ளே கசியும் சிறிதளவு தண்ணீரைத் தனக்குள் பொடித்து வைத்துக்கொண்டு துருவைத் தள்ளிப்போடும் பொருள்களும் சேர்ந்திருக்கும். லாரிக்கு அந்தத் தேவை இல்லை. சில பழைய டிரைவ்களுக்கு எஞ்சின் ஆயிலையே ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே கடைக்காரரைக் கேட்பதைவிட அந்த மாடலின் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

இனி தண்ணீர் உள்ளே போகும் வழி. ஓடும்போது ஆயில் சூடேறி விரிகிறது. 60 டிகிரி சூடு கூடினால், இரண்டு லிட்டர் ஆயிலுக்கு ஏறக்குறைய 80 மில்லி கூடுதல் இடம் வேண்டும். உள்ளே அழுத்தம் ஏற, தண்டைச் சுற்றி அடைத்து நிற்கும் ரப்பர் வளையமான சீல் தேய்ந்திருந்தால், அதன் வழியாகக் கொஞ்சம் ஆயிலும் காற்றும் வெளியேறுகின்றன. பிறகு படகைத் துறையில் கட்டி, எஞ்சினை நிறுத்துகிறோம். சுற்றியுள்ள தண்ணீர் பெட்டியைக் குளிர்விக்கிறது, ஆயில் சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது. ஆயில் வெளியே வந்த அதே வழியில் இப்போது தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. ஓடும் படகைவிடக் கட்டிக் கிடக்கும் படகு அதிகம் தண்ணீர் குடிக்கக்கூடும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடி நிற்கும் சவாரிப் படகில் இது பத்துத் தடவை நடக்கிறது.

இதற்குப் பல டிரைவ்களில் ஓர் எளிய மாற்று வைத்திருக்கிறார்கள். எஞ்சின் அறையில், நீர்மட்டத்துக்கு மேலே ஓர் ஆயில் பாட்டில். அதிலிருந்து டிரைவுக்கு ஒரு குழாய். புரொபெல்லர் தண்டு நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று கொள்வோம். கடல்நீரின் அடர்த்தி 1.025, ஆகவே வெளியிலிருந்து வரும் அழுத்தம் 61.5 சென்டிமீட்டர் நன்னீர் உயரத்துக்குச் சமம். பாட்டில் நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் மேலே இருந்தால், உள்ளே நிற்கும் ஆயில் தூணின் உயரம் 90 சென்டிமீட்டர். ஆயில் இலேசானது, அடர்த்தி சுமார் 0.9. இருந்தும் அதன் அழுத்தம் அதே நன்னீர்க் கணக்கில் 81 சென்டிமீட்டர் வருகிறது, வெளியழுத்தத்தைவிட அதிகம். சீல் கிழிந்தாலும் ஆயில்தான் முதலில் வெளியே போகும். பாட்டிலில் அளவு குறைவதைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம். ஆயில் விரியவும் சுருங்கவும் இந்தப் பாட்டிலே இடம் கொடுப்பதால், அளவை எஞ்சின் ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். குறையக் குறைய ஊற்றிக்கொண்டே ஓட்டும் ஆட்கள் நம் ஊரில் நிறைய. அது கசிவுக்குத் தீனி போடுவது.

சீல் ஏன் கிழிகிறது? வயதானால் ரப்பர் விறைக்கும், அது ஒரு காரணம். ஆனால் மீன்பிடிக் கரையில் பெரிய எதிரி தங்கூசி நரம்பு. அறுந்து மிதக்கும் வலைத்துண்டோ தூண்டில் நரம்போ புரொபெல்லரில் சிக்கி, தண்டைச் சுற்றி இறுகி, உராய்வில் சூடாகிச் சீலின் உதட்டை அறுத்துவிடும். வெளியிலிருந்து ஒன்றுமே தெரியாது. புரொபெல்லரைக் கழற்றினால் தண்டின் அடியில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு வளையம் இறுகிக் கிடக்கும். பழைய படகை வாங்குபவர் கழற்றிப் பார்க்க வேண்டிய முதல் இடம் இது.

அடுத்தது ஆயில். படகு ஓர் இரவு முழுக்க அசையாமல், டிரைவ் செங்குத்தாகக் கீழே இறங்கிய நிலையில் இருக்கட்டும். தண்ணீர் கனமானது, அடியில் போய்த் தங்கும். பெட்டியில் ஆயில் வடிக்க அடியில் ஒரு திருகும், மேலே இன்னொரு திருகும் இருக்கும். காலையில் எஞ்சினை முடுக்கும் முன், கீழ்த் திருகை மட்டும் மெதுவாகத் தளர்த்த வேண்டும். மேல் திருகைத் தொடக் கூடாது. அதைத் திறந்தால் காற்று உள்ளே போய் ஆயில் கொட்டத் தொடங்கிவிடும். கண்ணாடிக் குப்பியில் பிடிக்கும் முதல் இரண்டு கரண்டிதான் சாட்சி. தெளிந்த நீர் வந்தால் தண்ணீர் தனியாகப் பிரிந்து கிடந்திருக்கிறது. பால் ஊற்றிய காபி போல் வந்தால், தண்ணீர் நுண்துளிகளாக ஆயிலோடு கலந்துவிட்டது என்று பொருள். அத்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த வெளிறல். சில நிறுவனங்கள் ஆயிலுக்கே பச்சையோ நீலமோ சாயம் சேர்ப்பதால், புது ஆயில் ஒரு சொட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். சந்தேகம் தீரவில்லையா? நன்றாகச் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, தள்ளி நின்று கேளுங்கள். தண்ணீர் இருந்தால் சடசடக்கும்.

பல டிரைவ்களில் கீழ்த் திருகின் நுனியில் ஒரு காந்தம் உண்டு. அதைத் துடைக்காமல் வெயிலில் திருப்பிப் பாருங்கள். மை போன்ற சாம்பல்நிறக் குழம்பு படிந்திருந்தால் பயமில்லை, அது வழக்கமான தேய்மானம். விரலிடுக்கில் உருட்டினால் குத்துகிறதா, ஊசி போலவோ செதில் போலவோ மின்னுகிறதா? அப்படியானால் பல் உதிர்கிறது அல்லது பேரிங்கின் மேற்பரப்பு உரிகிறது. அந்த நிலையில் ஆயில் மாற்றி ஒரு பயனும் இல்லை. விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது எழுந்து வாருங்கள்.

ஆயில் சுத்தமாக வந்தால்? இங்கேதான் விற்பவரின் “போன வாரம்” என்ற சொல்லை நினைத்துப் பார்க்க வேண்டும். காற்றழுத்தச் சோதனை கேளுங்கள். ஆயிலை வடித்து, கைப்பம்பால் காற்றை ஏற்றி, அளவுகாட்டி முள் சில நிமிடங்களுக்கு இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். சோப்பு நீர் தடவினால் கசியும் இடம் குமிழிடும். பல மெக்கானிக்குகள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பாதிச் சோதனைதான். புரொபெல்லர் தண்டில் பெரும்பாலும் இரண்டு சீல்கள் முதுகோடு முதுகு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும்: ஒன்று ஆயிலை உள்ளே நிறுத்த, மற்றது தண்ணீரை வெளியே நிறுத்த. சீலின் உதடு ஒரு பக்க அழுத்தத்தில் இறுகும், மறுபக்க அழுத்தத்தில் விலகும். காற்றை ஏற்றினால் முதல் சீலின் நிலை தெரியும். இரண்டாவதின் நிலை தெரிய, காற்றை உறிஞ்சி வெற்றிடச் சோதனையும் செய்ய வேண்டும். நமக்குக் கவலை தருவது அந்த இரண்டாவது சீல்தானே.

வாங்கியாயிற்று என்றால், விற்பவர் மாற்றிய ஆயில் எவ்வளவு புதிதாக இருந்தாலும் வடித்துவிட்டு நம் கையால் ஊற்றுவோம். ஊற்றுவது பம்பால் கீழ்த் துளை வழியாக, மேல்துளை திறந்திருக்க. மேலிருந்து ஊற்றினால் கெட்டியான ஆயிலுக்குள் காற்று சிறைப்படும். நிறைந்துவிட்டது என்று நினைப்போம், மேல் பல்சக்கரம் வறண்டு சுழலும். மேல்துளையில் குமிழியின்றி ஆயில் எட்டிப் பார்த்ததும் முதலில் மேல் திருகு, பிறகு பம்பை எடுத்துவிட்டுக் கீழ்த் திருகு. வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். அற்பக் காசுக்குப் பழைய வாஷரையே திருப்பிப் போட்டு, சீல் போய்விட்டது என்று பெட்டியையே பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். பத்து மணி நேரம் ஓட்டிய பின், அதே இரவு, அதே காலை, அதே இரண்டு கரண்டி. அப்போது வருகிற நிறம்தான் அந்தப் படகின் உண்மையான நிறம். அதன் பிறகு நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றினால் போதும்.

வருடத்துக்கு ஒருமுறை என்றால் எந்த மாதம்? ஜூன், ஜூலையில் கடல் கொந்தளித்து, தொழில் படுத்து, படகுகள் கரையேறும். ஆகஸ்டில் இறக்கும்போது ஆயில் மாற்றுவதுதான் பலரின் வழக்கம். மே மாத முடிவில், கரையேற்றும் முன்பே மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. ஓட்டத்தில் தண்ணீர் ஆயிலோடு சுழன்றுகொண்டிருக்கும். இரண்டு மாதம் அசையாமல் கிடந்தால் பிரிந்து அடியில் தேங்கி, தண்டின் பேரிங்கைப் பாதியளவு மூழ்கடித்து நிற்கும். அப்படிக் கிடந்த பெட்டியைப் பிரித்தால், பேரிங் உருளைகளில் தண்ணீர் நின்ற மட்டம்வரை துரு கோடு கிழித்தது போல் தெரியும். ஆகஸ்டில் எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் அந்தக் கோடு அழியாது. படகை மழைக்காலத்தில் விலை பேசப் போகிறவர்கள் விற்பவரிடம் எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று கேட்பதோடு, கரையேற்றுவதற்கு முன்பா பின்பா என்றும் கேட்டுவைக்கலாம்.