ஆளை மாற்றினால் தீராது

2024 நவம்பர் 12 அன்று, இங்கிலாந்து சபையின் தலைமைப் பொறுப்பில் இருந்த கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். நம் சபை வாட்ஸ்அப் குழுக்களில் அது ஒரு நாள் செய்தி. "இங்கிலாந்து சபை கெட்டு ரொம்ப நாளாச்சு" என்று ஒருவர் எழுதினார், இன்னொருவர் ஒரு வசனத்தைப் போட்டார், அதற்குள் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து வந்துவிட்டது. நம் தென்னிந்தியத் திருச்சபையும், இங்கிலாந்து சபையோடு உறவுள்ள உலகச் சபைகளின் கூட்டமான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் ஓர் அங்கம்தான். அவர் ஏன் விலகினார் என்பதை உள்ளூர்ச் சபைகளை நிர்வகிக்கும் நம் சேகரக் கமிட்டிகள் ஒருநாள் உட்கார்ந்து வாசித்தால் நல்லது. அவர் மீது பணக் குற்றச்சாட்டு இல்லை, ஒழுக்கக் குற்றச்சாட்டும் இல்லை. காதுக்கு வந்த ஒரு செய்தியைக் கடைசிவரை பின்தொடராமல் விட்டார் என்பதுதான் புகார்.

அந்தச் செய்தி ஜான் ஸ்மைத் என்ற பாரிஸ்டரைப் பற்றியது. பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி மாணவர்களுக்காகக் கிறிஸ்தவ விடுமுறை முகாம்கள் நடத்திய அறக்கட்டளையின் தலைவராக இருந்தவர். நல்ல பேச்சாளர். 1970-களின் கடைசியிலும் 80-களின் தொடக்கத்திலும் அந்தப் பையன்களை வின்செஸ்டரில் இருந்த தன் வீட்டுக்கு வரவழைத்து, தோட்டத்துக் கொட்டகையில் வைத்து இரத்தம் வரும்வரை பிரம்பால் அடித்தார். பாவத்துக்குச் சிட்சை என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தார். 1982-இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஓர் ஆயர் விசாரித்து இரகசிய அறிக்கை எழுதினார். ஒரு சிலர் அதை வாசித்தார்கள். போலீசுக்கு யாரும் போகவில்லை. நாட்டை விட்டுப் போய்விடும்படி ஸ்மைத்துக்கு யோசனை சொல்லப்பட்டது.

அவர் 1984-இல் ஜிம்பாப்வேக்குப் போனார். அங்கேயும் முகாம் ஆரம்பித்தார், அங்கேயும் அடித்தார். 1992-இல் அவருடைய முகாமில் 16 வயதுப் பையன் ஒருவன் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தான். வழக்கு நடந்தது, நிற்கவில்லை. பிறகு அவர் தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 2017-இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஸ்மைத் கேப்டவுனில் இறந்துபோனார், எந்தத் தண்டனையும் பெறாமல். 2024 நவம்பர் 7 அன்று வெளியான, இங்கிலாந்து சபைக்காகக் கீத் மேக்கின் விசாரித்து எழுதிய அறிக்கை, பாதிக்கப்பட்ட பிள்ளைகளும் வாலிபர்களும் 100 பேருக்கும் மேல் என்கிறது.

அந்த அறிக்கையில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் அடிகளைப் பற்றியது அல்ல. 1982-லேயே விவரம் தெரிந்த ஒரு குருவானவர், இது வெளியே வந்திருந்தால் தேவனுடைய ஊழியத்துக்குப் பெரிய சேதம் ஆகியிருக்கும் என்று நினைத்ததாகப் பின்னாளில் விசாரணையில் சொல்லியிருக்கிறார். இதே நியாயத்தைத் திருநெல்வேலித் தமிழில் எத்தனை பாரிஷ் ஹாலில் கேட்டிருக்கிறேன்! "ஐயா, போலீசு கீலீசுன்னு போனா நாளைக்கு நம்ம சபை பேரு பேப்பர்ல வந்துரும். ஆளை அடுத்த மாசம் மாத்திருவோம். பிள்ளையோட எதிர்காலத்தையும் பாக்கணும்லா?" சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. கமிட்டியில் மற்ற எல்லாக் காரியத்திலும் நியாயமாகப் பேசுகிற பெரியவர்கள்தான். கோவிலுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற அந்தப் பயத்தில், பிள்ளையின் முகம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

பணியிட மாறுதல் என்பது, பல சேகரங்கள் சேர்ந்த நம் திருமண்டலங்களில் சர்வரோக நிவாரணி. கணக்கில் குளறுபடியா, மாறுதல். கமிட்டியோடு சண்டையா, மாறுதல். பாடகர் குழுப் பிள்ளையிடம் கை வைத்தானா, அதற்கும் மாறுதல். போகிற இடத்தில் இருக்கும் பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது. வரவேற்புக் கூட்டத்தில் சால்வை போர்த்தி, ஞாயிறு பள்ளிப் பொறுப்பையும் கையில் கொடுப்பார்கள். வின்செஸ்டரிலிருந்து ஜிம்பாப்வேக்குப் போனதும் இப்படி ஒரு மாறுதல்தானே.

இதில் நமக்கென்று தனியாக ஒரு வியாதியும் உண்டு: தேர்தல். சேகரக் கமிட்டி, திருமண்டல கவுன்சில், உபதலைவர், லே செயலர் என்று எல்லாவற்றுக்கும் அணி இருக்கிற ஊரில் எந்தப் புகார் வந்தாலும் முதல் கேள்வி, "இதுக்குப் பின்னால எந்த அணி?" என்பதுதான். ஒரு தாய் அழுதுகொண்டு ஆயர் வீட்டுக்கு வந்தால், அவள் குடும்பம் போன தடவை யாருக்கு ஓட்டுப் போட்டது என்று கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அணிக்காகக் கிளப்பப்படும் பொய்ப் புகார்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எது உண்மை, எது பொய் என்று விசாரிக்கிற வேலை நமக்குக் கொடுக்கப்படவில்லை.

அதைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைமேல் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தவரோ, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரோ, யாராக இருந்தாலும் போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். ஆயர், சபை ஊழியர், கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை, பாடகர் குழுத் தலைவர், எல்லோரும் அந்த 'யாராக இருந்தாலும்' என்பதற்குள் வருகிறார்கள். மறைத்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. தனக்குக் கீழே வேலை செய்கிறவர் செய்ததை ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதமும் சேர்த்து. வக்கீலிடம் கட்சிக்காரர் பேசியதற்குச் சாட்சியச் சட்டம் தருகிற பாதுகாப்பு, போதகரிடம் பேசியதற்குக் கிடையாது. "ஐயரிடம் இரகசியமாகச் சொன்னது" என்பது இந்த விஷயத்தில் சாக்கு ஆகாது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதே 19-ஆம் பிரிவில் இருக்கிறது. இதைக் கமிட்டியில் சத்தமாக வாசிப்பது நல்லது. பாலியல் அல்லாமல் அடி, கொடுமை என்றால் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இருக்கிறது.

பெற்றோருடைய பயம் வேறு. "ஸ்டேஷன் வாசல்ல எம் புள்ளைய நிறுத்தவா ஐயா?" என்று கேட்பார்கள். நிறுத்த வேண்டியதில்லை. பிள்ளை இருக்கிற வீட்டிலோ பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோ, கூடுமானவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பது 24-ஆம் பிரிவு. ஒருமுறை அப்படி வந்த பெண் எஸ்.ஐ.யை நான் பார்த்தேன். சுடிதார் போட்டுக்கொண்டு, பாட்டி வீட்டுத் திண்ணையில் தரையில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டைப் புரட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரைப் பள்ளிக்கூட டீச்சர் என்று நினைத்துக்கொண்டார்கள். எல்லா இடத்திலும் இவ்வளவு நயமாக நடக்கும் என்று சொல்ல மாட்டேன். நடக்காவிட்டால் கேட்க உரிமை இருக்கிறது.

வசனம் சொல்லி வாயை அடைப்பவர்களுக்கு வருகிறேன். சகோதரன் குற்றம் செய்தால் தனித்திருக்கையில் அவனிடம் போய்ப் பேசு என்ற மத்தேயு 18-ஐ எடுப்பார்கள். அதே அதிகாரத்தில் அதற்கு முன்னாலேயே, சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அதை யாரும் எடுப்பதில்லை. 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டி, விசுவாசி கோர்ட்டுக்குப் போகலாமா என்பார்கள். சொத்துக்கும் தேர்தலுக்கும் சென்னை உயர் நீதிமன்றப் படிகளைத் தேய்த்த திருச்சபையில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

தலைவர்கள் வாசிக்க வேண்டியது 2 சாமுவேல் 13. தாமாரை அவளுடைய சகோதரன் அம்னோன் கெடுத்தான். "நீ மவுனமாயிரு" என்று சொன்னது அவள்மேல் பிரியமாக இருந்த அண்ணன் அப்சலோம். தகப்பனாகிய தாவீது கேள்விப்பட்டு வெகு கோபம் கொண்டான் என்று இருக்கிறது. கோபத்துக்குப் பிறகு ராஜா என்ன செய்தான் என்று தேடினால் ஒரு வரி கிடையாது. வெல்பிக்கு 2013-இல் செய்தி சொல்லப்பட்டது. போலீசுக்குத் தகவல் போய்விட்டது என்று தனக்குச் சொன்னதாக அவர் விளக்கினார். இருந்தாலும் விடாமல் கேட்டிருக்க வேண்டிய தார்மீகப் பொறுப்பு அவருக்கு இருந்தது என்று அறிக்கை எழுதியது. சொன்னார்கள், நம்பினேன் என்பது தலைவருக்குப் போதாது. மனு எண் என்ன, எந்தத் தேதியில், எந்தக் காவல் நிலையத்தில் என்று கேட்டிருக்க வேண்டும்.

மே மாதம் பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, அதாவது வி.பி.எஸ்., வருகிறது. பாட்டுப் புத்தகம், மதியச் சாப்பாடு, பரிசு என்று எல்லாவற்றுக்கும் பட்ஜெட் போடுகிறோம். கூடவே இவற்றையும் முடிவு செய்யுங்கள். ஓர் அறையில் பெரியவர்கள் இரண்டு பேர், கதவு திறந்தே இருக்கட்டும். பிள்ளைகளைத் தனியாக பைக்கில் கொண்டுபோய் விடுவது வேண்டாம், எவ்வளவு நல்ல அண்ணனாக இருந்தாலும். பாடம் நடத்த வருகிற பதினாறு, பதினேழு வயதுத் தம்பி தங்கைகளும் சட்டத்தின் கண்ணில் பிள்ளைகள்தான். அவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆயர் அறையும் இதற்கு விலக்கு அல்ல. என் அறைக் கதவில் பாதிக்குக் கண்ணாடி போடச் சொன்னபோது செலவு எதற்கு என்று பொருளாளர் அண்ணாச்சி முகம் சுளித்தார், பிறகு போட்டுக் கொடுத்தார்.

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை, ஆராதனை நேரப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டாமல், பிள்ளைகள் செருப்புக் கழற்றுகிற இடத்தில், அவர்கள் கண் உயரத்தில் ஒட்டுங்கள். புகாரை யாரிடம் சொல்வது என்று இரண்டு பேருடைய பெயரை அறிவியுங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். புகார் ஆயர் மேலேயே என்றால் எங்கே போவது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். திருமண்டல அலுவலகம் என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான். உள்ளூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் எண்ணும் அதில் வேண்டும்.