குழந்தைக்கு முன்னே அதன் மணம் வீட்டுக்கு வரட்டும்

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: மகள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். வளவில் நாலு வயது நாய் நிற்கிறது. பிள்ளை வருமுன் அதை யாருக்காவது கொடுத்துவிடும்படி சொந்தக்காரர் நெருக்குகிறார்கள். என்ன செய்வது?

இதுவரை யாரையும் கடிக்காத, வீட்டாரோடு ஒட்டிய நாய் என்றால் கொடுக்கத் தேவையில்லை. ஆயத்தத்தை மட்டும் இப்போதே தொடங்குங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி, உண்ணி மருந்து, பூச்சி மருந்து மூன்றையும் மிருக வைத்தியரிடம் முடித்துவிடுங்கள். நாயின் குடலில் வாழும் வட்டப்புழுவின் முட்டைகள் முற்றத்து மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், தவழும் பிள்ளையின் கைவழியே வாய்க்குப் போகும். ஆகவே பூச்சி மருந்தில் அசட்டை வேண்டாம். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது நாயின் மூக்கைப் பற்றி.

நாம் மூச்சை இழுக்கும்போது காற்றோடு மணமும் உள்ளே போகிறது, விடும்போது அதே வழியால் வெளியேறிவிடுகிறது. நாயின் மூக்கிலோ உள்ளே போன காற்று இரண்டாகப் பிரிகிறது. பெரும்பங்கு நுரையீரலுக்குப் போக, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு மட்டும் மூக்கின் பின்பக்கத்தில் உள்ள ஓர் அறைக்குத் திரும்புகிறது. அந்த அறை நிறைய, சுருட்டி வைத்த பனையோலை போல மெல்லிய எலும்புகள் மடிந்து மடிந்து கிடக்கின்றன. அவற்றைப் போர்த்திய தோலில் மணம் அறியும் கலங்கள் இருக்கின்றன. மனிதருக்கு இவை 60 இலட்சமளவில், நாய்க்கு 20 கோடிக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். வெளிவிடும் மூச்சு இந்த அறைப்பக்கம் போவதேயில்லை. அதனால் வந்த மணம் அங்கேயே தங்கிநிற்க, அடுத்த மோப்பம் அதன்மேல் வந்து சேர்கிறது.

இதைவிட என்னை மயக்குவது நாசித்துவாரத்தின் ஓரத்தில் உள்ள சிறு பிளவு. உங்கள் நாய் கிட்ட வரும்போது பாருங்கள், தெளிவாகத் தெரியும். நாய் விடும் மூச்சு நேர்முன்னே போகாமல் இந்தப் பிளவு வழியே பக்கவாட்டில் பின்னோக்கிப் பாய்கிறது. முன்னால் இருக்கும் மணம் கலைவதில்லை. பாயும் காற்று புதுக்காற்றை மூக்கின் முன்னே இழுத்தும் கொடுக்கிறது. செக்கனுக்கு ஐந்து தடவையளவில் இது நடக்கிறது. படலையில் கால் வைத்தவர் யாரென்று நாய் அறிவது இப்படித்தான்.

இப்போது நம் பிள்ளைப்பேற்று வீட்டை அந்த மூக்கால் நினைத்துப் பாருங்கள். காயச்சரக்கு இடிபடுகிறது, வேதுத் தண்ணீரில் நொச்சி கொதிக்கிறது, பிள்ளையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை. தாயின் உடலிலோ பால்மணம். நாய் அறிந்த வீடே ஒரே நாளில் வேறொரு வீடாகிவிடுகிறது.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பேர்ன்ஸ் குழு நாய்களை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பலவித மணங்களைக் காட்டியது. நல்லதை எதிர்பார்க்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதி, பழகிய மனிதரின் மணத்துக்கே மிகக் கூடுதலாகத் துலங்கியது என்று 2015இல் அறிவித்தார்கள். அந்த மனிதர் அப்போது பக்கத்தில் இல்லை, மணம் மட்டுமே இருந்தது. வைத்தியசாலையில் பிள்ளையைச் சுற்றிய துணியை, நாய் மோந்து பழகட்டும் என்று முன்னதாக வீட்டுக்கு அனுப்பச் சொல்வதன் பொருத்தம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. அதில் பிள்ளையின் புதுமணமும் நாய் அறிந்த மகளின் மணமும் சேர்ந்தே வருகின்றன.

துணியைத் துவைக்காமல் கொண்டுவாருங்கள். மூக்கில் கொண்டுபோய் அழுத்தாமல் கையில் பிடித்திருங்கள், நாய் தானாக வந்து மோக்கட்டும். மோந்தபின் ஒரு துண்டு அவித்த மீன் கொடுங்கள். இந்த ஒழுங்கு மாறக்கூடாது. ஓசைக்குப் பின் உணவு கொடுத்துப் பழக்க, ஓசை கேட்டாலே எச்சில் ஊறிய பவ்லோவின் நாயைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இங்கேயும் அதுதான்: அடையாளம் முன்னால் வரவேண்டும், உணவு பின்னால். உணவைக் கொடுத்த பிறகு துணியைக் காட்டினால் மூளை இரண்டையும் சரியாக முடிச்சுப் போடாது.

அழுகையையும் இப்படியே பழக்கலாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளியான ஆய்வில், குழந்தை அழுகையைக் கேட்ட நாய்களுக்கும் மனிதருக்கும் மன அழுத்தத்தில் உடலில் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஓமோன் ஒரேமாதிரி ஏறியது. நாய்க்கு அது உண்மையான மன அழுத்தம். கைத்தொலைபேசியில் மிக மெல்லிய ஒலியில் தொடங்கி, நாய் அமைதியாகச் சாப்பிடும் அளவில் நிறுத்தி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

நம் வீடுகளில் நடப்பது நேரெதிர். பிள்ளை வந்த அன்றே நாயைக் கொல்லைப்பக்கம் சங்கிலியில் கட்டுகிறோம், துடக்குக் கழியும்வரை யாரும் கிட்டப் போவதில்லை. அழுகை கேட்டு நாய் ஊளையிட்டால், எமன் வருகிறான் என்று கல்லெறிகிறோம். நீண்ட ஒலிக்கு ஊளையால் மறுமொழி சொல்வது நாய்க்கு இயல்பு, சங்கு ஊதினாலும் ஊளையிடும். ஆனால் அந்த மூளையில் விழும் முடிச்சு கொடியது: பிள்ளையின் மணம் வந்தால் சங்கிலி, பிள்ளை அழுதால் கல். இந்த மூடநம்பிக்கை நாயைத்தான் வதைக்கிறது என்றில்லை, பிள்ளைக்கும் ஆபத்தைத் தேடித்தருகிறது.

மேலே சொன்ன ஆய்வுகள் வெளிநாட்டு வீட்டுநாய்களில் செய்யப்பட்டவை. வளவில் அவிழ்த்துவிட்டு வளர்க்கும் நம் நாய்களைப் பேராதனை மிருக வைத்திய பீடமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய வேண்டும். எம்.ஆர்.ஐ. எல்லாம் வேண்டாம், கமராவும் பொறுமையான மாணவர்களும் போதும். இதற்குப் பணம் ஒதுக்குவது வீண்செலவு என்று யாரும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வீட்டுக்கு வரும் நாளில் மகள் வெறுங்கையோடு முதலில் போய் நாயைத் தடவட்டும், பிள்ளையை வேறொருவர் வைத்திருக்கட்டும். பிறகு நாயைக் கயிற்றில் பிடித்தபடி தூரத்தில் இருந்து காட்டுங்கள். ஏணையில் பிள்ளை கிடக்கும்போது எவ்வளவு நல்ல நாயானாலும் தனியே விடக்கூடாது. நாய் முகத்தைத் திருப்பினாலோ, பசியில்லாமல் உதட்டை நக்கினாலோ, உடம்பு விறைத்தாலோ தூரத்தைக் கூட்டுங்கள். உறுமினால் அடிக்கவேண்டாம். உறுமலுக்கு அடிவாங்கிய நாய் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கக்கூடும். அப்படி உறுமும் நாயைப் பிள்ளையிடமிருந்து வேலியடைத்துப் பிரித்துவைத்து, அந்தக் கிழமையே மிருக வைத்தியரைப் பாருங்கள்.